டப்பாவா, பாலா, வீட்டுச் சாப்பாடா? எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரண்டு வாரங்கள்

தேதி குறித்தாகிவிட்டது. அறுவை மருத்துவர் ஒரு தாளைக் கையில் கொடுத்து, "இந்தத் தேதியிலிருந்து பதினான்கு நாள் பத்தியம்" என்று சொல்லி அனுப்புகிறார். தாளில் மூன்று வழிகள் இருக்கின்றன: கடையில் வாங்கிக் கரைத்துக் குடிக்கும் உணவு மாற்றுப் பொடி, அளந்த பால், மாவுச்சத்தைக் குறைத்த வீட்டுச் சாப்பாடு. அடுத்த அறையில் உணவியல் ஆலோசகராக உட்கார்ந்திருக்கும் என்னிடம் வரும்போது அந்தத் தாள் பாதி கசங்கியிருக்கும். "எது நல்லது மேடம்?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

நான் உடனே பதில் சொல்வதில்லை. "வீட்டில் சமைப்பது யார்?" என்று திருப்பிக் கேட்பேன். சர்க்கரை அளவு, வயது, எடை எல்லாம் கோப்பில் இருக்கும். இந்த ஒன்று மட்டும் எந்தக் கோப்பிலும் இருக்காது. பத்தியம் நிற்பதும் உடைவதும் பெரும்பாலும் இதில்தான்.

## பத்தியம் யாருக்கு? ஈரலுக்கு

இரண்டு வாரத்தில் கொஞ்சம் எடை குறைத்துக் காட்டினால் மருத்துவர் மகிழ்ந்துபோவார் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் பார்ப்பது ஈரலை. கல்லீரலின் இடது பக்கம் இரைப்பையின் மேற்பகுதியை மூடிக்கொண்டு கிடக்கிறது. சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) செய்தாலும் பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேரே இணைப்பது) செய்தாலும், அந்த மடலை ஒரு கருவியால் தூக்கிப் பிடித்த பிறகுதான் இரைப்பை கண்ணுக்குத் தெரியும். அறுவைக்கு வரும் அளவு உடல் பருமன் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு ஈரலில் கொழுப்பு படிந்திருக்கும். அப்படிப்பட்ட ஈரல் பெருத்து, கனத்து, விளிம்பு மழுங்கிப்போயிருக்கும். தூக்கும்போது கிழிந்து ரத்தம் கசியலாம். இடமே கிடைக்காமல் வயிற்றைத் திறந்து செய்யவோ, அறுவையைப் பாதியில் கைவிடவோ நேர்வதும் உண்டு.

ஈரல் சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தையும் மொத்தக் கலோரியையும் குறைத்தால் முதலில் இந்தச் சேமிப்பு தண்ணீரோடு வெளியேறுகிறது, கூடவே கொழுப்பும் கரையத் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில், 12 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் இருந்தவர்களின் ஈரல் சுருக்கத்தில் 80 சதவீதம் முதல் 2 வாரத்திலேயே நடந்திருந்தது. பல மருத்துவமனைகள் பதினான்கு நாள் என்று சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2011இல் வெளியான இன்னோர் ஆய்வு, பைபாஸ் செய்துகொண்ட 273 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தது. இரண்டு வாரப் பத்தியத்தால் அறுவையின் நேரம் குறையவில்லை. ஆனால் வேலை எளிதாக இருந்ததாக அறுவை மருத்துவர்கள் மதிப்பிட்டார்கள், அடுத்த 30 நாளில் வந்த சிக்கல்களும் குறைவாக இருந்தன.

ஒரு விபரீதத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாளில் "திரவ உணவு" என்று படித்துவிட்டு, காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் ஜவ்வரிசிக் கஞ்சி, மாலையில் சாத்துக்குடிச் சாறு என்று பன்னிரண்டு நாள் இருந்த ஒருவர் என்னிடம் வந்தார். சோற்றைக் கண்ணாலும் பார்க்கவில்லை என்று பெருமையாகச் சொன்னார். பாவம், உண்மையிலேயே பட்டினி கிடந்திருந்தார். ஆனால் காய்ச்சல்காரருக்குக் கொடுக்கும் கஞ்சி முழுக்க மாவுச்சத்து, பழச்சாறு முழுக்கச் சர்க்கரை. ஈரல் எதைக் காலி செய்ய வேண்டுமோ அதையே மூன்று வேளையும் நிரப்பிக்கொண்டிருந்தார். உணவு திரவமா திடமா என்பது ஈரலுக்குப் பொருட்டே இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

மூன்று வழிகளையும் நான் ஐந்து கேள்விகளால் அளக்கிறேன். ஒரு நாள் மொத்தம் 800 முதல் 1000 கலோரிக்குள், மாவுச்சத்து 100 கிராமுக்குள் நிற்கிறதா? தசை கரையாமல் இருக்க நாளுக்கு 60 கிராமாவது புரதம் கிடைக்கிறதா? மூன்றாம் நாள் தலைவலியும் எரிச்சலும் வரும்போது தாக்குப்பிடிக்க முடியுமா? பணம் எவ்வளவு, கணக்கில் வராத செலவு எவ்வளவு? அறுவைத் தேதி தள்ளிப்போனால் அதே வழியில் நீடிக்க முடியுமா?

| | உணவு மாற்றுப் பொடி | பால் | வீட்டுச் சாப்பாடு |
|---|---|---|---|
| கலோரி | பாக்கெட்டில் அச்சிட்டபடி, பிசகாது | பாலின் வகையைப் பொறுத்து 800 அல்லது 1500 | கரண்டி பிடிக்கும் கையைப் பொறுத்தது |
| புரதம் | போதும் | கிட்டத்தட்டப் போதும் | அசைவருக்கு எளிது, சைவருக்குத் திட்டம் வேண்டும் |
| வைட்டமின், தாதுக்கள் | உள்ளேயே இருக்கும் | இரும்புச்சத்து மிகக் குறைவு, மாத்திரை வேண்டும் | ஓரளவு, மாத்திரை நல்லது |
| பணம் | அதிகம் | குறைவு | நடுத்தரம் |
| மறைந்திருக்கும் செலவு | குடிக்க முடியாமல் மிஞ்சும் பாக்கெட்டுகள் | வயிற்று உப்புசம், மலச்சிக்கல் | சமைப்பவரின் நேரமும் மன உறுதியும் |
| தேதி தள்ளிப்போனால் | பணம் இருந்தால் நீட்டலாம் | நீட்டக் கூடாது | எளிதாக நீட்டலாம் |

## உணவு மாற்றுப் பொடி

இதன் பலமே யோசிக்க வேண்டியதில்லை என்பதுதான். ஒரு பாக்கெட், ஒரு டம்ளர் தண்ணீர், சுமார் 200 கலோரி. நாளுக்கு நான்கு குடித்தால் 800. பெரும்பாலான திட்டங்களில் இதோடு கொஞ்சம் வெள்ளரிக்காய், முட்டைக்கோஸ், கீரை போன்றவற்றையும் அனுமதிப்பார்கள். நாள் முழுவதும் பஸ் ஓட்டுபவருக்கும், விற்பனை வேலையாக ஊர் ஊராகச் சுற்றுபவருக்கும், விடுதி அறையில் தனியாக இருப்பவருக்கும் இதை விட வசதியானது இல்லை.

விலையைக் கேட்கும்போது ஒரு பாக்கெட்டின் விலையைக் கேட்காதீர்கள். 56ஆல் பெருக்கிப் பாருங்கள். நான்கு வேளை, பதினான்கு நாள். காப்பீட்டில் கிடைக்கும் என்று நினைத்தால் பாலிசியின் விலக்குப் பட்டியலை ஒருமுறை படியுங்கள். மருத்துவச் சீட்டில்லாமல் வாங்கக்கூடிய ஊட்டச்சத்துப் பொருட்கள் வழக்கமாக அதில் இருக்கும், அறுவைக்கான சிகிச்சையின் பகுதியாக மருத்துவர் எழுதிக் கொடுத்தவற்றைத் தவிர. ஆகவே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அப்படியும் கிடைக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

அதற்கடுத்த செலவு சலிப்பு. முதல் நாள் வெனிலா மணக்கும், ஆறாம் நாள் அதே மணம் குமட்டும். ஒரே சுவையில் ஐம்பத்தாறு பாக்கெட்டையும் மொத்தமாக வாங்கியவர்கள் ஏழாம் நாள் என்னை ஃபோனில் அழைத்துத் திட்டியிருக்கிறார்கள். முதலில் நான்கைந்து நாளுக்கு மட்டும், இரண்டு மூன்று சுவைகளில் வாங்குங்கள். மிஞ்சினால் அறுவைக்குப் பிந்தைய திரவ உணவுக் காலத்தில் உதவும் என்பது உண்மைதான். ஆனால் அறுவைக்குப் பின் பலருக்கு நாக்கின் சுவையே மாறிவிடுகிறது. அதை நம்பி அலமாரியை நிரப்ப வேண்டாம்.

இரண்டு குழப்பங்கள் அடிக்கடி நடக்கின்றன. உடற்பயிற்சிக் கூடத்தில் விற்கும் புரதப் பொடி ஒரு வேளை உணவு ஆகாது. அதில் புரதம் இருக்கும், மற்றவை போதுமான அளவு இருக்காது. பிள்ளைகளுக்குப் பாலில் கலந்து கொடுக்கும் மால்ட் பானமோ நேர் எதிர், சர்க்கரையும் மாவுச்சத்துமே அதில் அதிகம். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. தண்ணீரில் கரைக்கச் சொன்ன பொடியைச் சுவைக்காகப் பாலில் கரைத்தால் கணக்கு சத்தமில்லாமல் ஏறிவிடும்.

## பால்

கேட்டவுடன் சிரிப்பார்கள். "பால் குடித்தால் எடை ஏறாதா?" என்பார்கள். பிரிட்டனில் பல மருத்துவமனைகளில் இது பழகிய வழி. கொழுப்பு குறைத்த பால் நாளுக்கு 3 அல்லது 4 பைண்ட், அதாவது 1.7 முதல் 2.3 லிட்டர் வரை. உப்புக்காக ஒரு கோப்பை தெளிந்த சூப், ஒரு வைட்டமின் மாத்திரை. அவ்வளவுதான்.

நம் ஊரில் இதைச் செய்ய வேண்டுமானால் பாக்கெட்டின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கப் பழக வேண்டும். இருநிலை சமன்படுத்திய பாலில் கொழுப்பு 1.5 சதவீதம், சமன்படுத்தியதில் 3, நிறைகொழுப்புப் பாலில் 6. ஒன்றே முக்கால் லிட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் முதல் வகையில் 800 கலோரியை ஒட்டி வரும், இரண்டாவதில் 1000ஐத் தாண்டும், மூன்றாவதில் 1500 ஆகிவிடும். மூன்றிலும் புரதம் 55 கிராம் அளவில்தான். காப்பி கெட்டியாக வேண்டும் என்று நிறைகொழுப்புப் பாலே வாங்கிப் பழகிய வீட்டில், "பால் பத்தியம்" என்று தொடங்கிவிட்டு இந்த ஒரு வரியைக் கவனிக்காமல் விட்டால் பதினான்கு நாளும் வீண். பக்கத்து வீட்டுப் பசும்பாலுக்கும் இதே எச்சரிக்கைதான். அதில் கொழுப்பு எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது.

காப்பி குடிக்கலாம். அன்றைய பங்கிலிருந்து பாலை எடுத்து, சர்க்கரை இல்லாமல். இந்த ஒரு சலுகைக்காகவே பாலைத் தேர்ந்தெடுத்தவர்கள் உண்டு.

பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது சித்திரவதை. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காத தன்மை வட இந்தியர்களை விடத் தென்னிந்தியர்களிடம் அதிகம். தினம் இரண்டு டம்ளர் காப்பி குடித்துவிட்டு நன்றாக இருப்பவருக்கும் ஒன்றே முக்கால் லிட்டரில் வயிறு பொருமலாம். பத்தியம் தொடங்குவதற்கு முன், விடுமுறை நாள் ஒன்றில் முக்கால் லிட்டர் பாலைப் பிரித்துக் குடித்துப் பார்த்துவிடுங்கள். லேசான தொல்லை மட்டும் என்றால் ஒரு பகுதியை உறை ஊற்றித் தயிராகவோ மோராகவோ மாற்றிக்கொள்ளலாம், சிலருக்கு அது தாங்கும். நார்ச்சத்து துளியும் இல்லாததால் மலச்சிக்கல் ஏறக்குறைய நிச்சயம். இசப்கோல் உமியைப் பற்றி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பாலைத் தவிர ஒன்றும் இல்லாததால் உடலில் உப்பு குறைந்து எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். பருப்பு போடாத தெளிந்த ரசம் ஒரு டம்ளர் அதற்கு நல்ல மருந்து. சிறுநீரகத்தில் கோளாறு இருப்பவர்கள் தாமாக இதைத் தொடக்கூடாது.

## வீட்டுச் சாப்பாடு

பத்தில் எட்டுப் பேர் முதலில் கை காட்டுவது இதைத்தான். மூன்றில் கடினமானதும் இதுதான் என்பது என் அனுபவம்.

நன்றாகச் செய்தால் இதற்கு நிகர் இல்லை. அசைவம் சாப்பிடுபவருக்கு ஒரு நாள் இப்படி அமையும்: காலையில் இரண்டு முழு முட்டை, இரண்டு வெள்ளைக் கரு, வெங்காயம் போட்டு ஒரு தேக்கரண்டி எண்ணெயில். பதினொரு மணிக்கு நீர்மோர். மதியம் 150 கிராம் தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியோ மீனோ, தேங்காய் அரைக்காத குழம்பில், அதோடு ஒரு தட்டு நிறையப் புடலங்காயோ பீன்ஸோ. மாலையில் அரைக் கிண்ணம் சுண்டல். இரவு 75 கிராம் பன்னீர், கீரை. மொத்தம் 900 கலோரிக்குக் கொஞ்சம் கீழே, புரதம் 75 கிராமை ஒட்டி. சோறு இல்லை, இட்லி இல்லை. பட்டினி என்று சொல்ல முடியாத பட்டினி.

சைவருக்கு இது தானாக அமையாது. "பருப்பு இருக்கிறதே" என்பார்கள். பருப்பை மட்டும் நம்பி 60 கிராம் புரதம் எடுக்க வேண்டுமானால் நாளுக்கு 270 கிராம் துவரம்பருப்பை வேகவைத்துச் சாப்பிட வேண்டும். அதிலேயே 900 கலோரியும் 150 கிராம் மாவுச்சத்தும் வந்துவிடும், கதை முடிந்தது. பன்னீர், தயிர், சோயா உருண்டை (உலர்ந்த நிலையில் அதன் எடையில் பாதி புரதம்) இவற்றை முன்னே வைத்து, பருப்பைப் பின்னே தள்ள வேண்டும்.

அளவுக் கரண்டியும் சமையலறைத் தராசும் இல்லாமல் இந்த வழியில் இறங்காதீர்கள். வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி. ஆனால் "ஒரு கரண்டி சோறு" என்றால் அது எந்த வீட்டுக் கரண்டி? எண்ணெயும் அப்படித்தான். தாளிக்கும் கை தானாகச் சாயும், ஒரு தேக்கரண்டி என்று நினைத்தது மூன்றாக இருக்கும்.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருகிறேன். நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர், வீட்டுச் சாப்பாட்டு வழியைத் தேர்ந்தெடுத்தவர். தனக்கென்று எழுதிய பட்டியலை ஒரு வரி பிசகாமல் பின்பற்றினார். எட்டாம் நாள் எடையில் அசைவே இல்லை. பட்டியலை இருவரும் வரி வரியாகப் பார்த்தோம், குறையே தெரியவில்லை. "பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் என்ன நடக்கும் என்று சொல்லுங்கள்" என்றேன். யோசித்து யோசித்துச் சொன்னார். சின்னவன் மிச்சம் வைத்த அரைத் தோசை. உப்புப் பார்க்க இரண்டு தடவை சாம்பார். மாமனாருக்குப் பிசைந்த தயிர்ச்சாதம் பாத்திரத்தின் அடியில் கொஞ்சம், வீணாக்க வேண்டாமே என்று. இரவில் கணவருக்குச் சப்பாத்தி போடும்போது கிழிந்துபோன ஒன்று. இதில் எதையும் அவர் "சாப்பிட்டதாக" நினைக்கவே இல்லை. தட்டு போட்டு உட்காரவில்லையே!

அன்றைக்கே அவரைப் பொடிக்கு மாற்றினேன். அது மட்டும் போதாது என்று கணவரையும் வரவழைத்து, அடுத்த ஒரு வாரம் பிள்ளைகளின் காலைச் சாப்பாடு அவர் பொறுப்பு என்று சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆனால் செய்தார்.

## எந்த வழி என்றாலும், மாத்திரையை முதலில் பாருங்கள்

இந்த ஒரு பகுதியில் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. உணவு பாதியாகும்போது சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் பழைய அளவிலேயே நின்றால் தாழ்சர்க்கரை வரும். வியர்வை, நடுக்கம், கண் இருட்டல், சில நேரம் மயக்கம். குறிப்பாக கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரைகளும் இன்சுலினும். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளில் வேறொரு ஆபத்து இருக்கிறது. மாவுச்சத்து குறைந்த நிலையில் இவை, ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே, கொழுப்பு எரியும்போது ரத்தத்தில் சேரும் கீட்டோ அமிலத்தைக் கூட்டிவிடக்கூடும். குளுக்கோமீட்டரில் எண் நன்றாகவே தெரியும், ஆள் மோசமாகிக்கொண்டிருப்பார். அறுவைக்கு மூன்று நாள் முன்பாவது இவற்றை நிறுத்துவது வழக்கம். பத்தியத்தில் இருப்பவருக்கு அதற்கும் முன்பே நிறுத்த வேண்டியிருக்கலாம், அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை, எடை குறைய வாரம் ஒருமுறை போடும் ஊசி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் காட்டிவிட்டுப் பத்தியத்தைத் தொடங்குங்கள். யூரிக் அமிலத் தொல்லை, பித்தப்பைக் கல் உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

## தேதி தள்ளிப்போனால்

இதை யாரும் யோசிப்பதில்லை, ஆனால் அடிக்கடி நடக்கிறது. சளி, காய்ச்சல், காப்பீட்டு ஒப்புதல் தாமதம், வீட்டில் ஒரு துக்கம். பதின்மூன்றாம் நாள் "இன்னும் பத்து நாள் கழித்து" என்று செய்தி வரும். பால் வழியில் இருப்பவர்கள் அங்கேயே நிறுத்தி, ஆலோசகரைக் கேட்டு வீட்டுச் சாப்பாட்டு வழிக்கு மாறுவதுதான் சரி. பொடியில் இருப்பவர்கள் ஒரு வேளையையாவது தட்டில் சாப்பிடும் உணவாக மாற்றிக்கொள்ளலாம். பிரியாணியோடு கொண்டாடிவிட்டு மறுபடி தொடங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: கிளைக்கோஜன் கரைய நாள் கணக்கு ஆகும், நிரம்ப இரண்டு நல்ல விருந்து போதும்.

## என்னைக் கேட்டால்

வீட்டில் சமைப்பது நீங்களே, அதுவும் நான்கு பேருக்கு என்றால், பொடி. கையில் பணம் இறுக்கம், பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது, அறுவைத் தேதி உறுதி என்றால், பால். உங்களுக்கென்று தனியாக அளந்து சமைத்துக் கொடுக்க ஒருவர் இருக்கிறார், அல்லது நீங்கள் தனியாள், தராசைப் பார்த்துச் சமைக்கும் பொறுமையும் உண்டு என்றால், வீட்டுச் சாப்பாடு. எடை மிக அதிகமாக இருந்து பத்தியத்தை மூன்று நான்கு வாரம் நீட்டச் சொல்லியிருந்தாலும் வீட்டுச் சாப்பாட்டின் பக்கம்தான் சாய்வேன்.

நடுவில் இன்னொரு வழியும் உண்டு, என் அறையிலிருந்து எழுந்து போகிறவர்களில் பாதிப் பேர் கடைசியில் எடுப்பது அதைத்தான்: காலையும் இரவும் பொடி, மாலையில் இன்னொன்று, மதியம் மட்டும் அளந்த வீட்டுச் சாப்பாடு. பாக்கெட் 56இலிருந்து 42 ஆகிறது. மதியம் எல்லோரோடும் உட்கார்ந்து மென்று சாப்பிட்ட திருப்தியும் கிடைக்கிறது. சமையலறையில் நின்று தடுமாறும் நேரமும் ஒரு வேளையாகச் சுருங்குகிறது.

ஒருநாள் தவறிவிட்டால், கல்யாண வீட்டில் கை நீண்டுவிட்டால், அடுத்த நாள் முழுப்பட்டினி கிடந்து ஈடு கட்டாதீர்கள். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு அது ஆபத்து. மறைக்கவும் வேண்டாம். அடுத்த வேளையிலிருந்து பழையபடி தொடருங்கள், எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தேதியை இரண்டு நாள் தள்ளி வைத்தால் போதுமா என்று பார்க்க எங்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

கடைசி இரவைப் பற்றி, குறிப்பாகப் பால் குடிப்பவர்களுக்கு: மயக்க மருத்துவர் கணக்கில் பால் திரவம் ஆகாது, லேசான திட உணவோடுதான் சேரும். தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் என்றால் பாலுக்கு ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும், பால் ஊற்றிய காப்பிக்கும் அப்படியே. உங்கள் மருத்துவமனை இதைவிட அதிக நேரம் சொன்னால் அதுவே கணக்கு. அதிகாலை ஆறு மணிக்கு அறுவை அரங்கம் என்றால், இரவு படுக்கப் போகும்போதே டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள்.